விளம்பரப் பட்டைகளின் கணக்கு: மடிக்கணினிச் செயலி ஒப்பீடுகளுக்கு ஒரு மறுப்பு

மடிக்கணினி வாங்க முற்படும் ஒருவருக்குச் செயலித் தயாரிப்பு நிறுவனங்கள் வெளியிடும் ஒப்பீட்டு வரைபடங்களே நம்பத்தக்க முதல் வழிகாட்டி என்ற எண்ணம், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கணினி விற்கும் கடைகளில் மட்டுமன்றி, உயர்தர மாணவருக்கு ஆலோசனை கூறும் ஆசிரியரிடத்தும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவினரிடத்தும் கேள்விக்கு இடமின்றி நிலைபெற்றுவிட்டது. செயலி என்பது கணினியின் கணக்குகள் அனைத்தையும் செய்யும் சில்லு. பெஞ்ச்மார்க் என்பது வெவ்வேறு செயலிகளுக்கு ஒரே வேலையைக் கொடுத்து, அவை அதை முடிக்கும் வேகத்தை ஓர் எண்ணாக்கித் தரும் ஒப்பளவுச் சோதனை. இந்த எண்களைப் பட்டை வரைபடமாக்கி, தம்முடைய பட்டையை உயர்த்தியும் போட்டியாளரின் பட்டையைத் தாழ்த்தியும் நிறுவனங்கள் காட்டுகின்றன. உயர்ந்த பட்டைக்குரிய கணினியே சிறந்த கணினி என்று வாங்குபவர் முடிவு செய்கிறார்.

இக்கருத்தை ஆதரிப்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. விளம்பரத்தில் வரும் மற்றப் புகழ்ச்சிகளைப் போலன்றி, பெஞ்ச்மார்க் எண் உண்மையாகவே அளக்கப்பட்டது. ஒரே சோதனை இரு கணினிகளிலும் நடத்தப்படுகிறது. சோதனையின் நிபந்தனைகள் கீழ்க்குறிப்பில் தரப்படுகின்றன. போட்டி நிறுவனங்கள் ஒன்றையொன்று கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பதால் அப்பட்டமான பொய் நெடுநாள் நிலைக்காது. எண்ணில் சிறிது மிகை இருந்தாலும் எது முந்தியது, எது பிந்தியது என்ற திசையேனும் சரியாகவே இருக்கும். ஆய்வுகூடமோ தொழில்நுட்ப இதழ்களோ கைக்கெட்டாத மலையகக் குடும்பத்துக்கு இதைவிட மேலான அளவுகோல் வேறில்லை. வாதத்தை அதன் முழு வலுவுடன் எடுத்துரைத்தால் இவ்வாறுதான் அமையும்.

இவ்வாதத்தின் ஒவ்வொரு கண்ணியும் தவறானது. விளம்பர ஒப்பீடு அளப்பது, விற்பவர் தெரிவு செய்த நிபந்தனைகளையே. வாங்குபவரின் கைக்கு வந்து சேரும் கணினியை அது அளப்பதில்லை. ஆகவே அது சற்றே பிசகிய வழிகாட்டி என்று சொல்லிச் சமாதானம் அடையவும் இடமில்லை. பல வேளைகளில் திசையையே மாற்றிக் காட்டுகிறது. இரண்டு இலட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு மடிக்கணினி, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தில் ஏறத்தாழ 148 நாள் உழைப்புக்குச் சமம். உணவும் மருந்தும் கழியாத முழுச் சம்பளத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. இத்தனை நாள் உழைப்பைக் கொட்டி வாங்கும் பொருளை ஒரு பட்டையின் உயரம் தீர்மானிப்பதைச் சிறு குறையாகக் கருதிவிட முடியாது.

1. ஒரே சோதனை என்பதால் ஒரே நிபந்தனை என்றாகிவிடுமா?

ஆகாது. 2021 பெப்ரவரியில், அப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளில் இன்டெல் செயலிகளைக் கைவிட்டு எம்1 என்ற சொந்தச் செயலிக்கு மாறிச் சில மாதங்களே ஆகியிருந்த வேளையில், இன்டெல் ஓர் ஒப்பீட்டுத் தொகுப்பை வெளியிட்டது. வேகச் சோதனைகளில் இன்டெல் நிறுத்திய செயலி கோர் ஐ7-1185ஜீ7. எதிரே நின்றது எம்1 பொருத்திய மெக்புக் ப்ரோ. அதே தொகுப்பில் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற சோதனைக்கு வந்தபோது இரு தரப்பும் மாறின. இன்டெல் பக்கத்தில் கோர் ஐ7-1165ஜீ7 பொருத்திய வேறொரு ஏசர் கணினி வந்தது; அப்பிள் பக்கத்தில், சிறிய பற்றரியைக் கொண்ட மெக்புக் எயார் வந்தது. முடிவு, 10 மணி 6 நிமிடத்துக்கு எதிராக 10 மணி 12 நிமிடம். அதாவது ஏறத்தாழச் சமநிலை. இத்தொகுப்பில் ஒரு பொய்யேனும் இருந்தது என்று எவரும் நிறுவத் தேவையில்லை. ஒவ்வோர் எண்ணும் அளக்கப்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் வேகத்துக்கு ஒரு கணினியையும் பற்றரிக்கு வேறொரு கணினியையும் நிறுத்திவிட்டு, இரு முடிவுகளையும் ஒரே தயாரிப்பின் குணங்களாகப் படிக்கும்படி அடுக்கிவைத்தால், அந்த வேகமும் அந்தப் பற்றரியும் ஒருங்கே அமைந்த கணினி என எதையும் அந்த வரைபடம் காட்டவில்லை என்பதே பொருள். அதே தொகுப்பில், பவர்பொயின்ட் கோப்பை பீ.டி.எஃப் கோப்பாக மாற்றும் வேலையில் இன்டெல் 2.3 மடங்கு வேகமானது என்றும் காட்டப்பட்டது. ஒரு கணினி செய்யும் நூற்றுக்கணக்கான வேலைகளிலிருந்து இந்த ஒன்று ஏன் பொறுக்கி எடுக்கப்பட்டது என்பதற்கு, அந்த எண் சாதகமாக இருந்தது என்பதைத் தவிர வேறு விடை காண்பது கடினம்.

பிறரைக் கொண்டு சோதித்தால் இக்குறை நீங்கிவிடும் என்பாரும் உளர். 2018 ஒக்டோபரில் இன்டெல்லின் செலவில் ப்ரின்சிப்பிள்ட் டெக்னொலஜீஸ் என்ற நிறுவனம் நடத்திய சோதனை இதற்கு விடை. மேசைக் கணினிகளுக்கான கோர் ஐ9-9900கே செயலியைப் போட்டி நிறுவனமான ஏ.எம்.டியின் ரைசன் 7 2700எக்ஸ் செயலியுடன் ஒப்பிட்ட அந்தச் சோதனையில், ஏ.எம்.டியின் செயலி ‘கேம் மோட்’ என்ற அமைப்பில் இயக்கப்பட்டது. அந்த அமைப்பு, அச்செயலியின் 8 கோர்களில் 4 கோர்களை முடக்கிவிடும். கோர் என்பது செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதி; பாதிக் கோர்களை நிறுத்திவிட்டுப் பெற்ற எண்ணே முதலில் உலகெங்கும் பரவியது. கண்டனம் எழுந்த பின்னர் சோதனை மீண்டும் நடத்தப்பட்டு இடைவெளி குறைந்தது உண்மை. ஆனால் முதல் எண்ணைக் கேட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாவது எண்ணைக் கேட்டிருப்பார்கள்?

இத்தகைய ஒப்பீட்டின் இயல்பை அறிந்துகொள்ள மலையக வாசகர் கணினித் துறைக்குள் செல்ல வேண்டியதே இல்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை எழுந்த காலம் முதல், பெருந்தோட்டக் கம்பனிகள் சம்பளப் பேச்சுவார்த்தைகளின்போது ஓர் ஒப்பீட்டைத் திரும்பத் திரும்ப முன்வைத்து வந்துள்ளன: இலங்கைத் தொழிலாளி ஒரு நாளில் சராசரியாக 18 கிலோ கொழுந்து பறிக்கையில், கென்யத் தொழிலாளி 48 கிலோ பறிக்கிறார் என்பது அது. கிலோ என்பது இரு நாட்டிலும் கிலோதான்; அந்த அளவில் சோதனை ஒன்றே. ஆனால் கென்யாவின் பெருந்தோட்டங்களில் அறுவடையில் பெரும்பங்கு இயந்திரத்தால் நடைபெறுவதும், அங்கு உற்பத்தியாவது பெரும்பாலும் இலையை நறுக்கிச் சுருட்டும் சீ.டீ.சீ வகைத் தேயிலையாக இருப்பதும், இங்கு செங்குத்தான மலைச் சரிவில் இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கையால் கிள்ள வேண்டியிருப்பதும், மீள்நடுகை பிந்தியதால் பல தோட்டங்களில் செடிகள் முதுமை அடைந்திருப்பதும் அந்த ஒற்றை எண்ணுக்குள் மறைந்துபோகின்றன. மறைந்தவை அனைத்தும் சேர்ந்து தொழிலாளியின் சோம்பல் என்ற ஒரே முடிவாக மாற்றப்படுகின்றன. அந்த ஒப்பீட்டைக் கண்டவுடன் ‘எந்த மலையில், எந்தக் கருவியால், எந்தச் செடியில்’ என்று கேட்கத் தெரிந்த சமூகம், செயலி ஒப்பீட்டைக் கண்டவுடன் ‘எந்தக் கணினியில், எத்தனை வாட் மின்சாரத்தில், எந்த நினைவகத்துடன்’ என்று கேட்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை. வாதத்தின் அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

2. பட்டையில் பெயர் பெற்ற செயலியும் கடையில் கிடைக்கும் செயலியும் ஒன்றா?

பெயர் ஒன்றாக இருக்கலாம். வேகம் ஒன்றாக இருப்பதில்லை. மடிக்கணினிச் செயலி எவ்வளவு வேகமாக இயங்கும் என்பதை அதற்கு விடப்படும் மின்சக்தி பெருமளவில் தீர்மானிக்கிறது. கோர் ஐ7-1165ஜீ7 என்ற ஒரே செயலியை 12 வாட் முதல் 28 வாட் வரை எந்த அளவிலும் அமைக்கலாம் என்று இன்டெல்லே வரையறுத்திருந்தது. தடித்த உடலும் நல்ல காற்றாடியும் உள்ள கணினியில் 28 வாட்டில் இயங்கும் செயலியும், மெலிந்த உடலில் 12 வாட்டில் அடங்கியிருக்கும் செயலியும் ஒரே பெயர்ச்சீட்டைத் தாங்கி விற்பனைக்கு வருகின்றன. விளம்பரத்தின் பட்டை முதலாவதற்கு உரியது. விலைக்கு ஏற்ற கணினி தேடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது.

நினைவகத்தின் கதை இன்னும் வருந்தத்தக்கது. செயலி தற்காலிகமாகத் தரவுகளை வைத்து எடுக்கும் நினைவகத்தை இரண்டு தட்டுகளாகப் பொருத்தினால் தரவு இரு வழிகளிலும் ஒரே வேளையில் செல்லும். ஒரே தட்டாகப் பொருத்தினால் ஒரு வழியே திறந்திருக்கும். செயலிக்குள்ளேயே வரைகலைப் பகுதியும் அமைந்த கணினிகளில் இதனால் காட்சி வேகம் கணிசமாகக் குறையும். இன்டெல் தன் ஐரிஸ் எக்ஸ்ஈ என்ற வரைகலைப் பெயரை, நினைவகம் இரு வழிகளில் பொருத்தப்பட்டிருந்தால் மட்டுமே கணினி காட்டும்படி வைத்திருந்தது. அதே செயலி ஒரே தட்டு நினைவகத்துடன் விற்கப்பட்டால், திரையில் யூ.எச்.டி என்ற கீழ்நிலைப் பெயரே தோன்றும். விலையைக் குறைப்பதற்காக 8 ஜிகாபைட் தட்டு ஒன்றை மட்டும் பொருத்தி விற்கும் வழக்கம் மலிவு விலைக் கணினிகளில் பரவலாக உள்ளது. தயாரிப்பாளரே வேறு பெயர் வைக்கும் அளவுக்கு வேறுபட்ட ஒன்றை, விளம்பரத்தின் பட்டை எவ்வாறு அளந்ததாகும்?

‘திசையாவது சரியாக இருக்கும்’ என்ற வாதம் சரிந்துவிழுவதும் இவ்விடத்திலேதான். 2021இல் வந்த ரைசன் 5 5500யூ என்ற ஏ.எம்.டி செயலியில் 6 கோர்கள் இருந்தன. 2022இன் பிற்பகுதியில் அறிமுகமாகி 2023ஆம் ஆண்டின் வரிசைப் பெயரைத் தாங்கி விற்கப்பட்ட ரைசன் 5 7520யூ செயலியில் இருப்பவை 4 கோர்களே. இரண்டும் 2019இல் முதன்முதல் வெளிவந்த சென் 2 என்ற ஒரே உள்ளமைப்பைச் சேர்ந்தவை. பிந்தியதன் வரைகலைப் பகுதியும் முந்தியதைவிடச் சிறியது. ஏழாயிர வரிசை ஐயாயிர வரிசையைவிட வேகமானது என்று, அவ்வரிசையின் உச்சிச் செயலியை வைத்து வரையப்பட்ட பட்டையைப் பார்த்துவிட்டு, அதே வரிசையின் அடித்தளச் செயலியை வாங்கும் மாணவி, எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்க வேண்டிய வேலைகளில் தன் அண்ணனின் பழைய கணினியைவிட மெதுவான ஒன்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கக்கூடும். இன்டெல் தரப்பிலும் இதே நிலைதான்: கோர் ஐ5-1240பீ செயலியில் 12 கோர்களும் கோர் ஐ7-1255யூ செயலியில் 10 கோர்களும் உள்ளன. ஐ7 என்றால் ஐ5ஐ விட மேல் என்று கடைகளில் கூறப்படும் பொது விதி இங்கு தலைகீழாகிறது.

3. அளந்த வேலை, செய்யப்போகும் வேலையா?

சினிபெஞ்ச் என்ற புகழ்பெற்ற சோதனை, மெக்சன் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் முப்பரிமாணக் காட்சி மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது; செயலியின் எல்லாக் கோர்களையும் ஒருசேர உழைக்கவைத்து ஒரு படத்தை உருவாக்குவதே அதன் வேலை. திரைப்பட அசைவூட்டக் கலைஞருக்கு அது பொருத்தமான அளவீடு. உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவிலோ தகவல் தொழில்நுட்பப் பாடத்திலோ பைதன் எழுதவும், தரவுத்தளம் அமைக்கவும், கட்டுரை தட்டச்சு செய்யவும், சூம் வகுப்பில் அமரவும் கணினி தேடும் மாணவருக்கு, அந்தப் பட்டையில் காணப்படும் இருமடங்கு வேறுபாடு உணரத்தக்க பயன் எதையும் தருவதில்லை. அவரது கணினியை மந்தமாக்குபவை பெரும்பாலும் போதாத நினைவகமும், சுழலும் தட்டாலான பழைய வகை வன்தட்டுமே. இவ்விரண்டும் எந்தச் செயலி நிறுவனத்தின் வரைபடத்திலும் இடம்பெறுவதில்லை. அவர்கள் விற்பது செயலியை மட்டுமே என்பதால், செயலி மட்டுமே முக்கியம் என்று தோன்றும்படி அவர்களின் வரைபடம் அமைகிறது.

4. செருகியில் அளந்த வேகம், மின்சாரம் நின்றபின் எங்கே போகிறது?

2022 மார்ச் 31 அன்று இலங்கையில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டதை எவரும் மறந்திருக்க முடியாது. அந்த நெருக்கடி கடந்துவிட்டாலும், மழைக்காலத்தில் மரம் முறிந்து கம்பி அறுந்தால் தோட்ட லயங்களுக்கு மின்சாரம் திரும்பக் கடைசி முறை வரும் என்பது மலையகத்தில் வாழும் அனைவரும் அறிந்ததே. எனவே பற்றரியில் இயங்கும்போது கணினி என்ன வேகம் காட்டும் என்பது இங்கு முதன்மையான கேள்வி. விளம்பர ஒப்பீடுகளோ பொதுவாகச் செருகி பொருத்திய நிலையில் அளக்கப்பட்டவை. பற்றரி நேரம் தனியொரு சோதனையில், மங்கிய திரையில், இலேசான வேலையில் அளக்கப்படுகிறது. வேகம் ஒரு நிலையில், நேரம் இன்னொரு நிலையில்.

2020 நவம்பரில் இன்டெல்லே இந்த ஓட்டையை அம்பலப்படுத்தியது: ஏ.எம்.டியின் ரைசன் 4000 வரிசை மடிக்கணினிகள் செருகியைக் கழற்றியவுடன் சில சோதனைகளில் 38 முதல் 48 சதவீதம் வரை வேகம் இழக்கின்றன என்று அது காட்டியது. பற்றரியில் இருக்கும்போது அச்செயலிகள் முழு வேகத்துக்கு உயரச் சில விநாடிகள் தாமதித்ததே காரணம். குறுகிய, வெடிப்பான வேலைகளில் அத்தாமதம் பெரிதாகத் தெரியும், நீண்ட வேலைகளில் தெரியாது. இன்டெல் எடுத்துக் காட்டியவை தாமதம் பெரிதாகத் தெரியும் சோதனைகளே என்பதும், சினிபெஞ்ச் போன்ற நீண்ட சோதனையில் வீழ்ச்சி சிறிது என்பதும் உடனே எதிர்த்தரப்பில் சுட்டிக்காட்டப்பட்டன. இரு தரப்பும் தத்தமக்கு உகந்த பகுதியை உண்மையாகவே கூறின. அப்படியானால் அதற்கு முந்திய அத்தனை விளம்பரப் பட்டைகளும், செருகி பொருத்தியிருக்கும் வரை மட்டுமே செல்லுபடியான எண்களை, நிபந்தனையற்ற எண்களாக விற்றுவந்தன என்பது இருவரின் வாயாலேயே உறுதியாகிறது.

நேரமும் இதே வகையான மறைப்பு. மெலிந்த கணினி முதல் அரை நிமிடம் பாய்ந்து ஓடி, வெப்பம் ஏறியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். குறுகிய சோதனை அந்தப் பாய்ச்சலை மட்டுமே பதிவு செய்யும். 2020இல் வெளிவந்த சினிபெஞ்ச் ஆர்23 பதிப்பு, இயல்பாகவே 10 நிமிடம் தொடர்ந்து சோதிக்கும்படி மாற்றப்பட்டதற்கு இதுவே காரணம். நுவரெலியா நகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதன் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். மெல்லிய காற்று காற்றாடியின் குளிர்விக்கும் திறனைக் குறைக்க, மலைக்குளிர் அதை ஈடுசெய்கிறது. இந்தக் கூட்டலும் கழித்தலும் குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் எடுக்கப்பட்ட எந்த எண்ணிலும் இல்லை.

5. போட்டி நிறுவனங்களின் கண்காணிப்பு வாங்குபவரைக் காக்கிறதா?

இவ்வாதமே ஆதரவாளர்களின் வலுவான அரண் என்பதால் சற்று விரிவாக நோக்கத்தக்கது. சோதனை மென்பொருளை ஆக்கும் அமைப்புகளிலேயே நிறுவனங்கள் உறுப்பினராக இருக்கின்றன. சிஸ்மார்க் என்ற அலுவலகச் சோதனையை வெளியிடும் பாப்கோ கூட்டமைப்பிலிருந்து 2011 ஜூனில் ஏ.எம்.டி வெளியேறியது, சில்லுத் தயாரிப்பாளர்களான என்விடியாவும் வியாவும் உடன் வெளியேறின. சிஸ்மார்க் 2012 வாங்குபவரின் உண்மையான வேலையைப் பிரதிபலிக்கவில்லை என்பது ஏ.எம்.டியின் குற்றச்சாட்டு. அதன் பின்னரும் அந்தச் சோதனையின் எண்கள் விளம்பரங்களில் தொடர்ந்து இடம்பெற்றன. கண்காணிப்பவர் எழுந்து சென்றார்; அளவுகோல் அப்படியே இருந்தது.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2009 டிசெம்பரில் இன்டெல் மீது தொடுத்த வழக்கின் ஒரு பகுதி, கம்பைலர் பற்றியது. மனிதர் எழுதும் நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளே கம்பைலர். இன்டெல்லின் கம்பைலரால் ஆக்கப்பட்ட நிரல், தான் இயங்கும் செயலி இன்டெல்லுடையதா என்று பார்த்து, பிறருடையதாயின் வேகம் குறைந்த பாதையில் செல்லக்கூடியதாக இருந்தது என்பது குற்றச்சாட்டு. 2010 ஓகஸ்டில் ஏற்பட்ட இணக்கத்தின்படி, பிற செயலிகளுக்குத் தன் கம்பைலர் அதே அளவில் மேம்படுத்தாமல் இருக்கலாம் என்பதை இன்டெல் வெளிப்படையாக அறிவிக்க வேண்டியதாயிற்று. சோதனை ஒன்றே, எண்ணும் உண்மையே. ஆனால் சோதனையை ஆக்கிய கருவிக்கே ஒரு பக்கச் சார்பு இருந்தால் அந்த எண் எதை அளந்தது? இது பழங்கதையுமன்று. சேர்வர் கணினிகளுக்குரிய சோதனைகளில் மிக மதிப்புப் பெற்ற ஸ்பெக் அமைப்பு, இன்டெல் கம்பைலரின் சில பதிப்புகள் ஒரு குறிப்பிட்ட சோதனைக்கென்றே குறுகிய மேம்பாட்டைக் கொண்டிருந்ததாகக் கண்டு, 2,600க்கும் மேற்பட்ட பதிவு முடிவுகள் செல்லாதவை என 2024இல் குறித்தது.

கண்டனத்தின் நோக்கமும் கவனிக்கத்தக்கது. ஏ.எம்.டி முன்னேறத் தொடங்கிய 2019இல், சினிபெஞ்ச் உண்மை வாழ்வின் பயன்பாட்டைக் காட்டாது என்று இன்டெல் பரப்புரை செய்தது; முன்னர் அதே சோதனையில் தான் முந்தியிருந்தபோது அந்நிறுவனம் அவ்வாறு சொல்லவில்லை. 2023 டிசெம்பரில், பழைய உள்ளமைப்புக்குப் புதிய எண் சூட்டி விற்கிறது என்று ஏ.எம்.டியின் 7520யூவை இன்டெல் கடுமையாகச் சாடியது. சாட்டு நியாயமானதே. ஆனால் இன்டெல்லும் அதற்கடுத்த மாதமே முந்திய தலைமுறையின் உள்ளமைப்பைக் கோர் 5 120யூ, கோர் 7 150யூ என்ற புதுப்பெயர்களில் சந்தைக்கு விட்டது. போட்டியாளர் ஒருவர் மற்றவரின் மறைப்பைத் திறந்துகாட்டுவது, தன் மறைப்பை மூடிவைத்துக்கொண்டே நடைபெறுகிறது.

சட்டம் தலையிட்டபோது கிடைத்த நிவாரணம் எத்தகையது? அப்பிளின் பவர் மெக் ஜீ5 உலகின் மிக வேகமான தனியாள் கணினி என்ற தொலைக்காட்சி விளம்பரத்தைப் பிரித்தானியாவின் சுயாதீனத் தொலைக்காட்சி ஆணைக்குழு 2003 நவம்பரில், போதிய ஆதாரமற்றது எனத் தீர்மானித்து, மீண்டும் ஒளிபரப்பத் தடை விதித்தது. அதற்குள் அந்த வாக்கியம் உலகைச் சுற்றி வந்துவிட்டது. பென்டியம் 4 செயலியின் சோதனை எண்கள் திரிக்கப்பட்டன என்று அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு 2014இல் இணக்கத்துக்கு வந்தது. இன்டெல் தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அச்செயலி வெளிவந்த தொடக்க காலத்தில் அதைக் கொண்ட கணினி வாங்கிய, தகுதிபெற்ற அமெரிக்கர், தலா 15 டொலர் கோரலாம் என்று முடிவாயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 15 டொலர், அதுவும் அமெரிக்கருக்கு. அதே செயலியை அதே விளம்பரத்தை நம்பி இலங்கையில் வாங்கியவருக்கு அந்த இணக்கத்தில் ஒன்றுமில்லை.

6. கீழ்க்குறிப்பு இருக்கிறதே என்பது விடையாகுமா?

கீழ்க்குறிப்பு நிறுவனத்தைச் சட்டத்திடமிருந்து காக்கிறது. வாசகரிடம் எதையும் சேர்ப்பிப்பதில்லை. அது ஆங்கிலத்தில், எறும்பெழுத்தில், ‘பயன்பாட்டையும் அமைப்பையும் பொறுத்து முடிவு மாறலாம்’ என்ற பொது வாசகத்துடன் நிற்கிறது. வரைபடம் கடைச் சுவரொட்டிக்கும் கைபேசிப் படத்துக்கும் நகரும்போது முதலில் உதிர்வது அதுவே. அச்சின் தொடக்கமும் இவ்வாறே மறைகிறது. ஒரு செயலி 9,500 புள்ளியும் மற்றது 10,000 புள்ளியும் பெற்றால் வேறுபாடு சுமார் 5 சதவீதம். ஆனால் பட்டை பூச்சியத்திலிருந்து தொடங்காமல் 9,000இலிருந்து தொடங்கினால் ஒன்று மற்றதன் இருமடங்கு உயரமாகத் தெரியும். எந்த எண்ணும் மாற்றப்படாமலே கண் ஏமாற்றப்பட்டுவிடுகிறது. ஐந்து ஆண்டு பழைய கணினியுடன் ஒப்பிட்டு ‘இத்தனை மடங்கு வேகம்’ என்பதும் இதன் உறவே. அப்படி ஒப்பிட்டால் சந்தையிலுள்ள எல்லாச் செயலிகளுமே வென்றுவிடும், எனவே எதைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

7. வேறு வழிகாட்டி இல்லை என்பதேனும் உண்மையா?

உண்மையன்று; உண்மையாக இருந்தாலும், பிழையான வழிகாட்டி, வழிகாட்டி இல்லாமையைவிட மேலானதாகாது. வழிகாட்டி இல்லாதவர் கேட்டுக் கேட்டு நடப்பார். பிழையான வழிகாட்டி பெற்றவர் கேட்பதை நிறுத்திவிடுவார். வாங்குபவர் கடையில் நின்றபடியே சரிபார்க்கக்கூடியவை பல உள்ளன. செயலியின் முழுப் பெயரையும், இறுதி எழுத்து உட்பட, எழுதிக்கொண்டு, அதில் எத்தனை கோர்கள், எந்த ஆண்டின் உள்ளமைப்பு என்பதைத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் பார்க்கலாம். விளம்பரத்தில் மறைக்கப்படுவது அங்கே மறைக்கப்படுவதில்லை. நினைவகம் எத்தனை தட்டு, பின்னர் ஒன்றைச் சேர்க்க இடமுண்டா, சேமிப்பு, சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி வகையா என்று கேட்கலாம். செருகியைக் கழற்றச் சொல்லி, பத்து இணையப் பக்கங்களையும் ஒரு காணொளியையும் ஒரே வேளையில் திறந்து, கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கலாம். இச்சோதனைக்கு எந்த மென்பொருளும் வேண்டியதில்லை, மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதுமில்லை. விற்பனையில் பங்கற்றவர்கள், அதே மாதிரிக் கணினியை அதே உடலில் வைத்து நீண்ட நேரம் சோதித்து எழுதிய மதிப்பீடு கிடைக்குமாயின், அது ஆயிரம் விளம்பரப் பட்டைகளைவிட மேலானது.

இப்பொறுப்பு முழுவதையும் குடும்பங்களின் தலையில் சுமத்திவிடுவதும் நியாயமன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வர்த்தக நடத்தையைத் தடை செய்கிறது. நிபந்தனை கூறப்படாத வேக ஒப்பீட்டுக்கு அச்சட்டத்தை ஏன் பிரயோகிக்கலாகாது என்று கேட்க நுகர்வோர் அமைப்புகளுக்கு உரிமையுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையினரும், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியினரும், மலையக ஆசிரியர் அமைப்புகளும் ஒன்றுசேர்ந்து, ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலைக் கடைகளில் இரண்டு இலட்சம் ரூபாய்க்குள் உண்மையில் விற்கப்படும் மடிக்கணினிகளை எடுத்து, பற்றரியிலும் செருகியிலும், மாணவர் செய்யும் வேலைகளைக் கொண்டே சோதித்து, முடிவுகளைத் தமிழில் ஆண்டுக்கு ஒருமுறை உயர்தர வகுப்புகள் தொடங்குமுன் வெளியிட வேண்டும். அதற்குத் தேவையானவை ஓர் அறை, ஒரு கடிகாரம், கடைகளிலிருந்து சில நாட்களுக்கு இரவல் பெறும் கணினிகள், விற்பனையில் பங்கற்ற சிலரின் உழைப்பு ஆகியவையே.